வக்கீல் காரும் சலூன் கண்ணாடியும்

ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் காரைக் கையால் தொடாமலே நெல் வயலுக்குள் இறக்கியவன் நான். இதை மறைத்துப் பயனில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு என் அப்பா சொல்லிவிடுவார். "அப்புறம் வருத்தப்பட்டாயா?" என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணாடி உடையாமல் தப்பியதில் சந்தோஷப்பட்டேன். வருத்தம் என்று தனியாக எதுவும் படவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் தெருவே தபால் கார்டுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. (தந்தி என்றால் அழுதுகொண்டே வருவார்கள். 'நாளை புறப்பட்டு வருகிறோம்' என்றுதான் இருக்கிறது என்று நான் வாசித்துச் சொன்ன பிறகும் அழுகையை நிறுத்த அவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும்.) இவ்வளவு மரியாதை கிடைத்தால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு உலகத்தைத் திருத்த வேண்டும் என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்?

அப்பா கூண்டு வண்டி வைத்திருந்தார். சாரல் காலத்தில் தென்காசி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் விடுவார். வண்டிக்கு அடியில் அரிக்கேன் லாந்தர் ஒன்று ஆடிக்கொண்டே வரும். அது போலீஸ்காரர் பார்ப்பதற்காக. மாடுகளுக்கு அது தேவையில்லை, அவற்றுக்கு ரோடு மனப்பாடம்.

அந்த மனப்பாடத்தைக் கெடுத்தது வக்கீல் ஐயாவின் கார். சாரல் விழுகிற நாளெல்லாம் அவர் சாயங்காலம் அருவிக்குப் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஏழரை மணிவாக்கில் தென்காசிக்குத் திரும்புவார். காரின் முகத்தில் பித்தளை வளையம் போட்ட இரண்டு விளக்குகள். அவை வருகிற வழியில் புளியமரங்களில் அடைந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று கரையும். கார் போனபின் மறுபடி இருட்டியதைப் பார்த்துக் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கும். எதிரே நடந்து வருகிறவன் கண்ணைப் பொத்திக்கொண்டு, எந்தப் பக்கம் வாய்க்கால், எந்தப் பக்கம் ரோடு என்று காலாலேயே தடவிப் பார்க்க வேண்டும்.

முந்தைய வருஷம் அந்த வெளிச்சத்தில் எங்கள் மாடுகள் கண் தெரியாமல் பின்வாங்கி, சக்கரம் வாய்க்காலில் இறங்கி, அப்பா கீழே விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. வைத்தியர் கட்டிய கட்டில் எலும்பு கூடியது. ஆனால் கோணலாகத்தான் கூடியது. கார் நிற்கவில்லை. அப்படி ஒரு வண்டி எதிரே வந்ததே அவர்களுக்குத் தெரியாதாம்.

இப்போது என் கதை. போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். மனுவோடு, ஊரில் மதிப்புள்ள ஒருவர் எழுதிய நன்னடத்தைச் சான்று வேண்டும். எங்கள் பக்கத்தில் மதிப்புள்ளவர் என்றால் வக்கீல் ஐயாதான். போய் நின்றேன்.

"வண்டிக்காரர் மகனா? பாஸ் பண்ணிட்டயாமே. ரொம்ப சந்தோஷம்ப்பா. புதன்கிழமை காலையில வா, எழுதி வைக்கிறேன்" என்றார்.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்திருப்பான். நான் படித்தவன் அல்லவா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஐயா, இன்னொரு விண்ணப்பம். உங்க மோட்டார் வெளக்கு ரொம்பக் கூடுதலா இருக்கு. எதிர்த்தாப்ல வார மாடு கண்ணு தெரியாமப் போயிருது. எங்கப்பா கை ஒடிஞ்சதும் அதாலதான்."

வக்கீல் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளக்கு எதுக்குப்பா இருக்கு? வெளிச்சத்துக்குத்தானே? கொறச்சலா எரியணும்னா நானும் மாட்டு வண்டியில்லா வாங்கியிருப்பேன்? உங்க மாட்டைக் கண்ணை மூடிக்கிட்டு நடக்கச் சொல்லு."

வழக்கு விஷயமாக வந்து சுற்றி உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். வீடு வருகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு பின்னாலேயே வந்தது. அன்று ராத்திரி என் பௌதிகப் புத்தகத்தைத் திறந்தேன். கண்ணாடியில் நேராக விழுகிற ஒளி, வந்த வழியே திரும்பிப் போகும் என்று படத்தோடு போட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் வெளிச்சத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன? எண்ணெய்ச் செலவுகூட இல்லை!

கண்ணாடிக்கு என் சிநேகிதன் இசக்கியைப் பிடித்தேன். அவன் அண்ணனுடைய சலூனில் ஆள் உயரத்தில் பாதி இருக்கிற கண்ணாடி ஒன்று உண்டு. தேக்குச் சட்டம். இரண்டு பக்கமும் கிளிகள். மேலே சிவப்புப் பெயிண்டில் 'நல்வரவு'. செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் யாரும் தலைமயிரில் கத்திரி படவிட மாட்டார்கள். ஆகவே அன்று கண்ணாடிக்கும் விடுமுறை.

"ஏலே, எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா தலையில பாதி செரைச்சு நடுத்தெருவுல விட்டுருவாம்லே" என்றான் இசக்கி.

"ஒரு மணி நேரம்தாம்லே. அறிவியல் சோதனை."

"அந்த எளவெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணாடி எங்கன போகுதோ அங்கன நானும் வருவேன்" என்று கூடவே ஏறிக்கொண்டான்.

கைவலி என்று அப்பாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, குற்றாலத்தில் சவாரி பிடித்து வருவதாகப் புறப்பட்டேன். கூண்டின் நெற்றியில், என் தலைக்கு மேலே, கண்ணாடியைக் கயிற்றால் கட்டினோம். கோணம் சரிதானா என்று ஐந்து முறை இறங்கிப் பார்த்தேன். (பரீட்சையில்கூட அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை.) மேலகரம் தாண்டி, ரோடு நேராக ஓடுகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து, மாடுகள் மிரளாமல் இருக்க வண்டிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். சாரல் முகத்தில் பூப்போல விழுந்தது. இரண்டு பக்கமும் புதிதாக நாற்று நட்ட வயல்.

தூரத்தில் இரண்டு சூரியன்கள் உதித்தன.

"ஏலே, வேண்டாம்லே, போயிருவோம்" என்றான் இசக்கி. நான் அசையவில்லை. வெளிச்சம் வளர்ந்தது. திடீரென்று அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஹாரன் அலறியது. கார் அந்தப் பக்கம் ஒதுங்கியது, இன்னும் ஒதுங்கியது, பிறகு மரியாதையாக ரோட்டைவிட்டு இறங்கி வயலுக்குள் போயிற்று. 'சளக்' என்று ஒரு சத்தம். அப்புறம் தவளைகள்கூடப் பேசவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் மட்டும் எனக்குப் பௌதிகமெல்லாம் மறந்துபோயிற்று. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்? லாந்தரைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். சேற்றுக்குள்ளிருந்து, "எவண்டா அவன்? எதிர்த்தாப்ல வந்த காரை எவன் ஓட்டினது?" என்று கோர்ட்டுக் குரல் கேட்டது. உயிர் வந்தது. அவருக்கு அல்ல, எனக்கு.

டிரைவர் மாடசாமி வரப்பில் ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"எதிர்த்தாப்ல ஒரு காரு வந்துச்சுய்யா. நம்ம வெளக்கு மாதிரியே பிரகாசம். கண்ணே அவிஞ்சு போச்சு. நான் வெளக்கை அணைச்சேன், அவனும் அணைச்சான். சரி, மரியாதை தெரிஞ்ச ஆளுன்னு போட்டேன், அவனும் போட்டான். ஆரன் அடிச்சேன், அதுக்கு மட்டும் பதில் இல்ல. எடது பக்கம் ஒதுங்குனா, அவனும் நான் ஒதுங்குன பக்கமே வாரான்! கடைசியில பாத்தா அவன் நெத்தியில 'நல்வரவு'ன்னு எழுதியிருக்கு. பெறகு எனக்கு ஒண்ணும் தெரியல."

வக்கீல் ஐயா இடுப்பளவு சேறும் தலை நிறைய நாற்றுமாக மேலே ஏறி வந்தார். எங்கள் வண்டிக்கு முன்னால் வந்ததும் திடுக்கிட்டு நின்றார். "யாருடா அது, சேத்துல முங்கி எந்திரிச்சவன் மாதிரி?"

"ஐயா, அது நீங்கதான்" என்றான் இசக்கி பணிவோடு. கண்ணாடிச் சட்டத்திலிருந்த இரண்டு கிளிகளுக்கு நடுவே வக்கீல் ஐயா தம்மைத் தாமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வக்கீல் அல்லவா?

திட்டினார். வேலை, சான்று, ஜெயில் என்ற மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. முடித்துவிட்டு, "மாட்டைப் பூட்டிக் காரை வெளிய இழு" என்றார்.

மாடுகளை அவிழ்த்துக் கொண்டுபோனேன். வரப்பு வரைக்கும் வந்தன, அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை. காரின் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. சேற்றில் புதைந்தும் அவற்றின் திமிர் குறையவில்லை. மாடுகள் கண்ணை இடுக்கிக்கொண்டு பின்னுக்கு இழுத்தன.

"ஏன் நிக்குது? அடிச்சு ஓட்டு!"

"அடிச்சாலும் வராதுங்கய்யா. வெளக்கு எரியுற வரைக்கும் அதுகளுக்குக் கண்ணு தெரியாது. அணைக்கச் சொல்லுங்க."

"மாடசாமிகிட்டச் சொல்லு."

"ஐயா வாயால சொல்லணும்" என்றேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. சாரலில் நாலு பேரும் நனைந்தோம். அவர் என்னைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார்.

"மாடசாமி" என்றார் மெல்லிய குரலில், "வெளக்கை அணை."

அணைந்தது. மாடுகள் தாமாகவே வயலுக்குள் இறங்கின.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "கார் வயக்காட்டுக்குள்ள கெடந்துச்சா? நெசமாவா? எம்புட்டு ஆழம்?" என்று மூன்று தடவை கேட்டு, கோணல் கையால் முழங்காலில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "காலையில போயி மன்னிப்புக் கேட்டுட்டு வால. வேலை முக்கியம்" என்றார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. என்னைப் படிக்க வைத்ததே அந்த ஒரு வேலைக்காகத்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சத்தியமாக. வக்கீல் ஐயா ஒரு தாளை நீட்டினார். விபத்துக்கு முழுக்காரணமும் நானே என்று எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடு. சான்றை வாங்கிட்டுப் போ."

பேனாவை எடுத்தேன். திருப்பி மேஜைமேல் வைத்தேன்.

"ஐயா, போன வருசம் எங்க மாடு மெரண்டுச்சு. நேத்து உங்க டிரைவர் மெரண்டாரு. ரெண்டுக்கும் காரணம் ஒரே வெளக்குதான். அதையும் இதுல எழுதுங்க, ரெண்டு கையெழுத்தாப் போடுதேன்."

கதவோரம் நின்ற மாடசாமி, "அது நெசந்தான்யா, எனக்கு இன்னும் கண்ணு கலங்குது" என்றார் கேட்காமலே. வக்கீல் ஐயா அவரை ஒரு பார்வை பார்த்தார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறொரு தாளில் விறுவிறுவென்று எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்பது வேலை கிடைத்த அன்று மேலதிகாரி வாசித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது:

'இந்த வாலிபன் பொய் சொல்ல மாட்டான். எவ்வளவு வற்புறுத்தினாலும் சொல்ல மாட்டான். மோட்டார் ஓடாத ஊராகப் பார்த்து நியமித்தால் எல்லோருக்கும் நலம்.'

அப்படியே நியமித்தார்கள். புளியங்குடியிலிருந்து உள்ளே ஒன்பது மைல், கடைசி மூன்று மைல் ஒற்றையடிப் பாதை. பத்து வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். இங்கேயே கல்யாணம், குழந்தைகள். மனு எழுதி மாற்றல் கேட்கலாம். தண்டனை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று கேட்கவில்லை.

போன மாதம் இந்த ஊருக்கும் ரோடு போட்டுவிட்டார்கள். சென்ற வெள்ளிக்கிழமை இருட்டும் வேளையில் முதல் பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய்ப் பார்த்தேன். இரண்டு விளக்குகள். பள்ளிக்கூடச் சுவரே வெளிறிப்போயிற்று. நேரே வீட்டுக்கு வந்தேன். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் காணவில்லை.

"எங்கே?" என்றேன்.

"உங்கப்பா ஆள்மூலமாச் சொல்லிவிட்டாவ" என்றாள் மனைவி, அடுப்பை விட்டுத் திரும்பாமல். "ஊருக்குப் பஸ்ஸு வந்தா மொதல்ல கண்ணாடியைக் கழத்திரணுமாம்."

நாலு நாளாகக் கண்ணாடி இல்லாமல்தான் சவரம் செய்துகொள்கிறேன். தாடையில் மூன்று இடத்தில் வெட்டு. என் அபிப்பிராயத்தில் மாற்றம் எதுவும் இல்லை.