முயல் வீட்டு வட்ட மைக்

ஒரு காட்டில் ஒரு முயல் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்துவந்தது. சிங்கமும் நரியும் இந்தக் கதையில் வருவதில்லை. குடும்பத்தாரே போதும்.

அப்பா முயல், அம்மா முயல், பெரியப்பா முயல், அண்ணன் முயல் ஆகிய நால்வரும் வளையில் இருந்தார்கள். மகள் சுடர்க்கொடி அந்த வம்சத்திலேயே முதன்முதலில் பட்டம் வாங்கியவள். ஆற்றுக்கு அப்பால் உள்ள காட்டில், அணில்களின் விதைக் கிடங்கில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முயல் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சுடரு, பாறையடி வீட்டுப் பையனை உனக்குப் பேசி முடிச்சிட்டோம். நல்ல இடம். வளைக்கு ரெண்டு வாசல்" என்றாள்.

சுடர்க்கொடி, "என்னை யாரும் கேக்கலையே" என்றாள்.

சிக்னல் நடுவில் அறுந்து, வளைக்குள் "கேக்கலையே" மட்டும் வந்து சேர்ந்தது.

"பிள்ளைக்குக் கேக்கலையாம்" என்றாள் அம்மா.

"எப்படிக் கேக்கும்? போனை நீ மட்டும் வாய்கிட்ட வெச்சுக்கிட்டா, நாங்க பேசுறது அவளுக்கு எங்க போகுது?" என்றார் பெரியப்பா.

அன்று மாலையே நால்வரும் வௌவால் நடத்தும் செல்போன் கடைக்குப் போனார்கள். வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி, என்ன வேண்டும் என்று விசாரித்தது.

"ஒரே மைக். வீட்ல எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்" என்றார் அப்பா.

வௌவால் மூன்று மைக்குகளை எடுத்து வைத்தது. முதலாவது, எதிரே இருப்பவர் குரலை மட்டும் எடுக்கும். எதிரே யார் உட்காருவது என்று அப்பாவும் பெரியப்பாவும் கடையிலேயே சண்டையைத் தொடங்கியதால் அது வேண்டாம் என்று ஆயிற்று. இரண்டாவது, சட்டையில் குத்திக்கொள்வது. முயல்களிடம் சட்டை இல்லை. மூன்றாவது, அப்பளம் போல வட்டமாக இருந்தது. நடுவில் வைத்தால் எந்தப் பக்கம் பேசினாலும் எடுக்கும்.

"மூலையில முணுமுணுத்தாலுமா?" என்று அண்ணன் கொஞ்சம் கவலையோடு கேட்டான்.

"பெருமூச்சைக்கூட எடுக்கும்" என்றது வௌவால்.

"அந்தப் பக்கம் அவ பேசுறது எங்களுக்கு நல்லாக் கேக்குமாண்ணே?" என்றாள் அம்மா.

"அது மைக்கோட வேலை இல்லக்கா. மைக்கு நீங்க பேசுறதுக்கு."

"நமக்கு வேண்டியதும் அதுதான்" என்று அப்பா அதையே வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்ட மைக்கை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். சிக்னலும் நன்றாக இருந்தது. நால்வரும் மாறி மாறி மாப்பிள்ளையின் பெருமையைச் சொன்னார்கள்.

"இப்பக் கேக்குதா?" என்றார் அப்பா.

"கேக்குதுப்பா. ஆனா என்னைக் கேக்கலை."

பெரியப்பா சிரித்தார். "'என்னைக் கேக்கலை' இல்லம்மா, 'எனக்குக் கேக்கலை.' பட்டம் வாங்குன பொண்ணு வேற்றுமை உருபை மாத்திப் பேசலாமா?"

"எனக்குக் கேக்குது பெரியப்பா. என்னைத்தான் கேக்கலை."

"பாரு, மறுபடியும்."

"எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். வேலை நிரந்தரமாகட்டும்."

புல்லுக்குள் பாம்பு புரண்டு படுத்தாலும் அறிந்துகொள்ளும் காதுகள் எட்டு வளையில் இருந்தன.

"சார்ஜ் கம்மியா இருக்குமோ" என்றார் அப்பா, மைக்கைத் திருப்பிப் பார்த்தபடி. அண்ணன் அதை வாங்கி ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தான்.

நிச்சயதார்த்தமும் வீடியோ காலிலேயே நடந்தது. சுடர்க்கொடிக்கு லீவு கிடைக்கவில்லை என்று உறவினர்களிடம் சொன்னார்கள். அவள் லீவு கேட்கவில்லை. பாறையடி வீட்டார் அறுகம்புல்லும் கிழங்கும் வைத்த தட்டோடு வந்து மைக்கைச் சுற்றி அமர்ந்தார்கள். மாப்பிள்ளையை ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மாப்பிள்ளை தன் தாயின் பக்கம் குனிந்து, "என்னை யாரும் கேக்கலையேம்மா" என்றான்.

அவள் தட்டில் கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தாள். வளையில் யார் காதிலும் அது விழவில்லை. மைக் நல்ல மைக். எடுத்துக்கொண்டது.

திரையில் சுடர்க்கொடி நிமிர்ந்து, மூலையில் இருந்தவனைப் பார்த்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

பேச்சு நின்றது. அம்மா முயலுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டுச்சாம்" என்றாள். "கேட்டுச்சாம், கேட்டுச்சாம்" என்று இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். "உருபும் சரியா வந்துடுச்சு" என்றார் பெரியப்பா.

தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

நீதி: பிள்ளைகள் 'கேட்கவில்லை' என்று குறை சொன்னால் உடனே நல்ல மைக்காகப் பார்த்து வாங்கி வையுங்கள். பிள்ளைகளைக் கேட்பதைவிட அது எளிது. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பியும் கொடுத்துவிடலாம்.