சிவப்பு அலுமாரியும் என் துப்பறிதலும்

சந்தேகப்படுகிறவனுக்குக் கண் கூர்மை என்பார்கள். சுத்தப் பொய். சந்தேகம் கண்ணை மறைக்கும். எனக்கு அது கதவையும் சேர்த்துச் சாத்தியது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் வாடகை வீட்டில் இருந்தோம். அக்கா ஜெசிந்தாவுக்கு அருள் என்றொருவரைக் கலியாணம் பேசினார்கள். துறைமுகப் பக்கம் கடை வைத்திருந்தார். சீனத்துப் பழைய வீடுகளிலிருந்து வரும், படம் தீட்டிய மர அலுமாரிகளை விற்கிறாராம். (எங்கள் சனம் புது அலுமாரியையே யோசித்துத்தான் வாங்கும். பழசை யார் வாங்குவான்?)

"அம்மா, உது சுத்துமாத்து. அலுமாரிக்குள்ளை வேறை ஏதோ வருது."

"வாயைப் பொத்து. முதல் நீ ஒரு வேலையைத் தேடு" என்றார் அம்மா.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்குத் துணையாகக் கடைக்குப் போனேன். (துணை என்பது வீட்டாருக்கு. நான் போனது துப்பறிய.)

நடுக்கடையில் ஆளுயரச் சிவப்பு அலுமாரி ஒன்று நின்றது. கதவுகளில் பொன்னிறப் பூக்கள், குருவிகள், விளையாடும் பிள்ளைகள். நடுவில் வட்டமான பித்தளைத் தகடு, அதைப் பூட்டச் செருகும் பித்தளை ஆணி ஒன்று பக்கத்தில் தொங்கியது. அருளும் அக்காவும் பின்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, மெல்லத் திறந்தேன். வெளியே நிலம்வரை இறங்கிய அலுமாரி, உள்ளே முழங்கால் உயரத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சம் எங்கே?

அடிப்பலகையைத் தூக்கினேன். கீழே ஒரு இருட்டறை! பிடிபட்டான் கள்ளன் என்று உள்ளே இறங்கினேன். ஒன்றுமில்லை, தூசிதான். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பதற்றத்தில் கதவுகளை உள்ளிருந்தே இழுத்துக்கொண்டேன்.

அருள் யாருக்கோ பிரெஞ்சில் அலுமாரியின் அருமை பெருமைகளைச் சொல்வது கேட்டது. பூட்டும் விதத்தையும் காட்டினார் போலும். பித்தளை ஆணி 'டக்' என்று ஏறியது.

எனக்குத் தும்மல் வந்தது.

வெளியே ஒரு பெண் வீரிட்டாள். கதவு திறந்தது. வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர், அருள், கையில் கோப்பையோடு அக்கா. நான் முழங்கால்வரை அந்த அடியறைக்குள் சிக்கி நின்றேன்.

"போன்ஜூர்" என்றேன். (வேறென்ன சொல்ல?)

மூதாட்டி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி போய்விட்டார். வியாபாரமும் அவரோடு போனது.

"தம்பி, உதுக்குள்ளை என்ன தேடுறீர்?" அருள் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை.

"கள்ளச் சாமான்..." வாய் தவறிவிட்டது.

அக்காவின் முகம் அலுமாரியைவிடச் சிவந்தது. கலியாணம் குழம்பியது என்றே நினைத்தேன்.

அருள் என் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். "அது பொம்பிளை தாய்வீட்டாலை கொண்டுவாற நகைநட்டை ஒளிச்சு வைக்கிற இடம். மச்சானை வைக்கிற இடமில்லை."

'மச்சான்' என்றதும் அக்கா சிரித்துவிட்டாள். கோப்பையிலிருந்த தேநீர் பாதி என் சட்டையில்.

இன்று அந்த அலுமாரி, ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் உள்ள அக்கா வீட்டில் நிற்கிறது. விருந்துக்கு வருகிறவர்களின் குளிரங்கிகளை உள்ளே தொங்கவிட்டு, ஆணியைச் செருகுமுன் அருள் அத்தான் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

"எல்லாரும் வெளியிலைதானே?"

சபை முழுக்க என் பக்கம் திரும்பும். நான் கையைத் தூக்கிக் காட்டவேண்டும்.