மேலக்கொட்டாய் நேரலை கண்ட வரலாறு

வருங்காலத்தில் அரியலூர்ச் சீமையின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் இரண்டே சம்பவங்களைத்தான் குறிப்பார்கள். பல கோடி வருடங்களுக்கு முன்னால் இங்கிருந்து கடல் பின்வாங்கிப் போனது முதலாவது. ரெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேலக்கொட்டாய்க்குக் கம்பியில்லாத் தொலைக்காட்சி வந்தது இரண்டாவது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரம்.

கடல் போகும்போது சுண்ணாம்புக்கல்லை விட்டுவிட்டுப் போனது. அதைத் தோண்ட ஆலை வந்தது. ஆலையின் லாரிகள் மலை மாதிரிப் பாரம் ஏற்றி ஊர்வழியே போய், கேபிள் வயர்களை ஒன்று விடாமல் அறுத்தன. மக்கள் டிவி இல்லாமல் தவிப்பதைக் கண்டு ஆலை நிர்வாகம் மனம் கசிந்தது. மூன்று வருடமாகத் தண்ணீர் ஏறாத மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் வெள்ளையாக ஒரு பெட்டியை மாட்டியது. "இனி இன்டர்நெட் காத்துல எறங்கும். ஆன்டெனா, டிஷ், வயர் எதுவும் வேணாம்" என்று அறிவித்தது. சமுதாயக் கூடத்துச் சுவரில் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு டிவியும் ஏறியது. தொட்டிக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது.

வயர் அறுந்து பிழைப்பு போயிருந்த கேபிள்காரன் ராசாங்கத்தை "டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளர்" ஆக்கினார்கள். அவனும் அன்றிலிருந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டான்.

இவ்வளவு முன்னேற்றத்துக்கு நடுவில் சம்பூர்ணத்துக்கு மட்டும் ஒரு பழங்காலக் கவலை. பதினெட்டு வருடம் குவாரியில் கல் சுமந்து, கழுத்து எலும்பு தேய்ந்து அவள் வாங்கியது ஒரு ஏக்கர் சோளக்கொல்லை. கொல்லைக்குப் போக ஒரே வண்டிப்பாதைதான். ஆலை இப்போது குவாரியை விரிக்கப் போகிறது. வரைபடத்தில் அந்தப் பாதையின் மேல் சிவப்புக் கோடு. பாதை போனால் கொல்லை தீவுதான்; உள்ளே டிராக்டர் போகாது, விளைந்தது வெளியே வராது. குவாரியை விரிக்கலாமா என்று மக்களிடம் கேட்கிற "கருத்துக் கேட்புக் கூட்டம்" அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. அங்கே எழுந்து நின்று சொல்ல அவள் ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள்.

அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பியவளை ராசாங்கம் மறித்தான்.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

"மண்டபத்துக்குத்தான். வழிய வுடுறா."

"அட, கூட்டத்த இங்கயே நேரலையில காட்டுறாங்கக்கா. அங்க போனா கடைசி வரிசையில உக்கார வப்பான். அதிகாரி முதுகுதான் தெரியும். இங்க அவரு மூக்கு முடி வரைக்கும் தெரியும்."

"நான் மூக்கப் பாக்கவா போறேன்? பேசணும்டா."

"பேசலாம்க்கா. ரிமோட்லயே மைக் இருக்கு. டீ, வடை வேற உண்டு."

ஊரே வடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. தனியாகப் போய்க் கத்துவதைவிட ஊரோடு சேர்ந்து பேசுவது மேல் என்று சம்பூர்ணமும் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குப் படம் வந்தது. என்ன துல்லியம்! மேடையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் இருந்த எழுத்துகூடச் சுத்தமாகத் தெரிந்தது. அதிகாரி தொண்டையைக் கனைத்தார். கனைத்த வாய் திறந்தபடியே நின்றது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"என்னாடா ஆச்சு அவருக்கு?"

"யோசிக்கிறாருக்கா" என்றான் ஒருங்கிணைப்பாளர்.

அதிகாரி அரை மணி நேரம் யோசித்தார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இன்னொரு தடவை, திட்டத்தின் நன்மைகளை அடுக்கும்போது, முக்கால் மணி நேரம் கையைத் தூக்கியபடி நின்றார். திரையில் மண்டபத்துக் கடிகாரம் பத்தரை காட்டியது. கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கப் போனது.

"ஏன்டா, நேரலைன்னா இப்ப நடக்குறதுதான?"

"ஆமாக்கா. இப்ப நடக்குறதத்தான் கொஞ்சம் பொறுத்துக் காட்டுறான்."

ஒருவழியாக மூன்று மணி வாக்கில் அந்தக் கட்டம் வந்தது. "மேலக்கொட்டாய் மக்கள் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று அதிகாரி நேராக சம்பூர்ணத்தைப் பார்த்துக் கேட்டார்.

சம்பூர்ணம் எழுந்தாள். ரிமோட்டை வாங்கி வாயருகே பிடித்தாள். "ஐயா, பள்ளத்தத் தோண்டுங்க, பாதைய வுட்டுட்டுத் தோண்டுங்க!"

டிவி பணிவோடு கேட்டுக்கொண்டது. அதிகாரியை அனுப்பிவிட்டு, ஜேசிபி பள்ளம் தோண்டுகிற வீடியோக்களை நாற்பது வகையில் வரிசை கட்டி நிறுத்தியது.

"ரிமோட்ட என்கிட்ட குடுங்கக்கா!" என்று பிடுங்கி ராசாங்கம் அதிகாரியைத் திரும்ப வரவழைத்தான். "பேச வேணாம். ஆட்சேபணை இருக்கவங்க கையத் தூக்குங்க. நான் போட்டோ புடிச்சு ஆபீசுக்கே அனுப்புறேன். ஆதாரம்!"

ஊரே கை தூக்கியது. பெரியவர் சாமிக்கண்ணு இரண்டு கையையும் தூக்கினார். ராசாங்கம் நாலு கோணத்தில் பிடித்து அனுப்பினான். எல்லோருக்கும் மனசு நிறைந்திருந்த அந்த நேரத்தில், அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாத்தனார் பாப்பாயி பஸ்ஸைவிட்டு இறங்கி உள்ளே வந்தாள்.

"இங்க என்ன அண்ணி பண்றீங்க?"

"சத்தம் போடாத. கூட்டம் நடக்குது. அதிகாரி கேட்டுக்கிட்டு இருக்காரு."

பாப்பாயி திரையைப் பார்த்தாள். "இந்தாளா? இவரு எல போட்டுச் சாப்புட்டு, பீடாவும் போட்டுக்கிட்டு காருல ஏறுனத நான் பாத்துட்டுத்தான பஸ் ஏறுனேன். மண்டபத்தப் பூட்டிட்டாங்களே!"

பூட்டிய மண்டபத்துக்குள்ளிருந்து அதிகாரி இன்னும் ஆட்சேபணை கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு கடமை உணர்ச்சி.

மறுநாள் முதல் பஸ்ஸில் சம்பூர்ணம், கூட்டத்தை நடத்திய அரியலூர் ஆபீஸில் போய் நின்றாள். எழுத்தர் வயசானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் பிரித்தார்.

"மேலக்கொட்டாயா? ரொம்ப நல்ல ஊரும்மா. 'பொதுமக்கள் நேரலை வழியாக முழு நேரமும் கலந்துகொண்டனர். அனைவரும் கை உயர்த்தி ஆதரவு தெரிவித்தனர்.' படம் இணைப்பு. இந்தா, முன்னால நிக்கிறது நீங்கதான?"

படத்தில் சம்பூர்ணத்தின் கைதான் எல்லாக் கைக்கும் மேலே இருந்தது.

"சார், அது வேணாம்னு தூக்குன கை சார்."

"போட்டோவுல அது தெரியாதேம்மா. வேணும்னு தூக்குனாலும் கை இப்படித்தான இருக்கும்?"

"பேசுனேன் சார். ரிமோட்ல பேசுனேன்."

"அதுக்கு நாங்க பொறுப்பில்லியேம்மா."

சம்பூர்ணம் படத்தில் இருந்த தன் கையை விரலால் மறைத்தாள். பிறகு, "நேத்து நான் பஸ் ஏறி வந்து, அந்த மண்டபத்துல எந்திரிச்சு நின்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

எழுத்தர் அக்கம்பக்கம் பார்த்தார். ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்த மனிதர், குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒருத்தர் வந்து சொல்லியிருந்தாக்கூட எழுதியே ஆகணும்மா. எழுதிட்டா பாதையத் தொட முடியாது. பின்ன, சும்மாவா அவ்வளவு பெரிய டிவிய வாங்கிக் குடுத்தாங்க?"