இரண்டு பேருக்கு ரசம்

சமையல் புத்தகத்தில் இரண்டு பக்கம் புரட்டியதுமே நாகராஜ் அதை மூடி வைத்தான். "தக்காளி அரைக் கிலோன்னு போட்டிருக்கு. கப்பல் வரட்டும், பாக்கலாம்."

அவன் மனைவி தமிழரசி புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். போர்ட் பிளேரில் தக்காளி என்பது கப்பலைப் பொறுத்த விஷயம். கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் ஜங்லிகாட் சந்தையில் கூடைகள் மட்டும்தான் மிஞ்சும். சென்னையில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவருக்கு இது தெரிய நியாயமில்லை. வழவழப்பான படங்களில் மயங்கி, இத்தனை விலை கொடுத்து வாங்கியது அவள் தப்பு.

அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு மதுரைக்கு வரச்சொல்லி அம்மா தினமும் போனில் அழுகிறாள். நாகராஜுக்கோ வயிற்றுப்புண். போன மாதம் ஓட்டல் குருமா அவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. சோறும் ரசமுமாவது அவனே வைக்கப் பழகினால்தான் கப்பலேறுவது என்று தமிழரசி தீர்மானித்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவன் சமையலறைக்குள் வந்ததே தண்ணீர் குடிக்கத்தான்.

"சோடோ, விட்டுடு தமிழு. வேற ஏதாவது செய்யச் சொல்லு. இது மட்டும் வேணாம்."

அவள் விடவில்லை. அடுத்த புத்தகத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்தாள். மெல்லிய புத்தகம், மலிவு விலை. படம் கிடையாது. புளி, பருப்பு, மிளகு என்று எந்தக் கப்பலுக்கும் காத்திருக்காத சாமான்கள். ஆனால் எல்லாக் குறிப்பிலும் 'உப்பு தேவையான அளவு' என்றிருந்தது. ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வாக்கியம் பயன்படும், தெரியாதவனைக் கவிழ்த்துவிடும். நாகராஜ் ஜாடிக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டான். ரசம் கடல்நீரோடு போட்டி போட்டது.

"தேவையான அளவுன்னுதானே போட்டிருக்கு?" என்றான்.

அளவில்தான் கோளாறு என்று கண்டுபிடித்த தமிழரசி, மூன்றாவதாக அளவுக்கென்றே பேர்போன ஒன்றை வாங்கினாள். இத்தனை டம்ளர், இத்தனை ஸ்பூன், இரண்டு பேருக்கு என்று பிசகில்லாமல் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டம்ளரையும் ஸ்பூனையும் அவன் முன்னால் வரிசையாக வைத்தாள். அரை டீஸ்பூனைத் தூக்கிப் பிடித்து, காது குடையும் குச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

பேசிவிட்டு வந்தால் குக்கர் அப்படியே சும்மா கிடக்கிறது. குளிக்க வெந்நீர் போடும் அண்டா அடுப்பில் ஏறியிருக்க, அதில் சோறு கொதிக்கிறது. பக்கத்து அடுப்பில், கல்யாணச் சீராக வந்த பெரிய தவலை நிறைய ரசம். அரிசி மூட்டை பாதியாக இளைத்திருந்தது. துணி காயப்போடும் கம்பால் நாகராஜ் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு டம்ளர்னுதானே எழுதியிருக்கு?"

"போட்டேன். பாத்திரத்துல கண்ணுக்கே தெரியல. அப்புறம் கை பாட்டுக்குப் போட்டுருச்சு."

இந்த மனிதனை விட்டுவிட்டுப் போனால் வீட்டையே கொளுத்திவிடுவான் என்று தோன்றியது. தமிழரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பல் டிக்கெட்டை ரத்து செய்யப்போவதாகச் சொன்னாள். அவன் தலை குனிந்து கம்பைக் கழுவினான்.

அப்போது வாசலில் கீரைக்காரி ஒச்சம்மா கூப்பிட்டாள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவள், இப்போது சிப்பிகாட்டிலிருந்து கூடை சுமந்து வருகிறாள். வழக்கமாக நாகராஜ் ஆபீஸ் போன பிறகுதான் வருவாள். வீணாகப் போகிறதே என்று தமிழரசி ஒரு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றி நீட்டினாள். உப்பு எப்படியிருக்குமோ என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ஒச்சம்மா ஒரு வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். இன்னொரு வாய் எடுத்தாள். எழுந்துபோய் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, நாகராஜைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சாருக்கு எதுக்கும்மா பொஸ்தகம், நீ நிம்மதியா கப்பலேறு," என்றாள். "சுனாமிக் கேம்புல எங்க முந்நூறு பேருக்கும் மாசக்கணக்கா ஆக்கிப் போட்ட மகராசன் இவருதான், ரெண்டு பேருக்கு ஆக்கத்தான் அந்தக் கைக்குத் தெரியாது."