ஹனீஃபா பாயின் எல்.கே.ஜி. இன்டர்வியூ

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று மறுபடியும் கேட்டார் ஸ்ரீநிவாசராகவன்.

ஹனீஃபா பாய் எழுந்து நின்றார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். பாட்டில் தண்ணீரில் பாதியைக் குடித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சித்திகாவைப் பார்த்து, "நீ சொல்லேன்" என்றார்.

"உங்க பேரை நான் எப்படிங்க சொல்றது?" என்றாள் அவள்.

ஸ்ரீநிவாசராகவன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மேற்குத் தாம்பரத்தில் பெரியவர்களுக்கென்றே ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவர் அவர். வகுப்பு நடப்பது மாடியில். கீழே பாயின் ஹார்ட்வேர் கடை. கட்டடமும் பாயுடையதுதான். கடையில் பாய் பேரம் பேசினால், செங்கல்பட்டு பஸ்ஸே வேகத்தைக் குறைத்து என்னவென்று பார்த்துவிட்டுத்தான் போகும். அப்பேர்ப்பட்ட தொண்டை, இங்கிலீஷைக் கண்டால் அடைத்துக்கொள்கிறது.

சனிக்கிழமை பாயின் மகள் மெஹ்னாஸுக்கு எல்.கே.ஜி. இன்டர்வியூ. குழந்தைக்குக் கேள்வியே கிடையாது. அப்பா அம்மாவைத்தான் கேட்பார்கள், அதுவும் இங்கிலீஷில்.

"தபாருங்க சார்," என்றார் பாய். "பொண்ணுக்கு சீட்டு கெடைக்கலன்னா, மாடியக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. பெயின்ட் டப்பா வைக்க எடமில்லாம பேஜாரா கீது."

ஸ்ரீநிவாசராகவனிடம் ஒரு கொள்கை இருந்தது. வளர்ந்தவர்களுக்கு இலக்கணம் ஏறாது. தேவை வந்தால் பாஷை தானாக வரும். ஆகவே உற்சாகமாக உத்தரவு போட்டார்: "நாளைக்குக் கடையில முழுக்க இங்கிலீஷ். தமிழ்ல ஒரு வார்த்தை பேசப்படாது!"

பாய் வாக்குத் தவறாத மனிதர். தமிழ் கூடாது, இங்கிலீஷ் வராது. எனவே பேச்சையே நிறுத்திவிட்டார். அரை இன்ச் குழாய் கேட்டவருக்குக் கையை விரித்துக் காட்டினார். ஆணி கேட்டவருக்குத் தலையை ஆட்டினார். மத்தியானத்துக்குள், பாய்க்கு வாய் இழுத்துக்கொண்டது என்ற செய்தி பெருங்களத்தூரைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் குன்றத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரியம்மா கட்டிக்கொண்டு அழுதார். பாய் அப்போதும் வாக்கைக் காப்பாற்றி, "ஐ... ஐ..." என்றார். அழுகை தெரு முனைவரை கேட்டது.

"சரி, நடிச்சுப் பாப்போம்," என்றார் ஸ்ரீநிவாசராகவன் மறுநாள். தன் மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரலை மெல்லிதாக்கி, "நான்தான் பிரின்சிபால்" என்றார்.

பாய் ஒரு பார்வை பார்த்தார், சிரித்தார், அணை திறந்துகொண்டது.

"மை நேம் ஹனீஃபா! ஐ சேல் பைப்! ஃபைன் பைப்! யூ வான்ட் பைப்?"

"பாய்! எப்படிப் பாய் வந்துது?"

"இது சும்மா வெளாட்டுதானே சார். தப்பாப் பேசினா யாரு கேக்கப் போறா?"

வாத்தியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சூட்டோடு சூடாக, காட்டாங்குளத்தூர் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு தெரிந்த அம்மாளை அழைத்துவந்து, "இவங்க நிஜமாவே ஒரு ஸ்கூல் பிரின்சிபால்" என்று புளுகினார்.

பாய் பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொன்னார். வரவில்லை. தேடிப் போனால் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார். "அந்தம்மா பிரின்சிபால் இல்ல, பாய்" என்றதும் எழுந்து வந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, இரும்புக் குழாய்க்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தை இங்கிலீஷில் அவருக்கு வகுப்பெடுத்தார். அந்த அம்மாள் வீட்டுக்கு இரண்டு குழாய் வாங்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் வாத்தியாருக்கு அந்த யோசனை உதித்தது.

"இன்டர்வியூ அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கு, பாய்," என்றார். "சனிக்கிழமை அந்த ஸ்கூல்லயே ஒத்திகைக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன். பிரின்சிபாலா நடிக்க ஒரு நாடகக்கார அம்மா வராங்க."

உண்மையைச் சித்திகாவின் காதில் மட்டும் போட்டுவைத்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில், வெளுத்த முகங்களோடு ஏகப்பட்ட அப்பா அம்மாக்கள் காத்திருந்தார்கள்.

"இன்னா சார், இம்மாம் பேரு?"

"எல்லாம் துணை நடிகர்கள், பாய்."

"த்தோடா! நெஜமாவே பயந்தா மாதிரி கீறானுங்க!"

முதலில் கூப்பிட்டது பாயைத்தான். சித்திகாவும் மெஹ்னாஸும் பின்னால் போனார்கள். ஸ்ரீநிவாசராகவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்.

"குட் மார்னிங் மேடம்! ஹௌ ஆர் யூ? ஹௌ இஸ் ஹஸ்பண்ட்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டார் பாய்.

"ஃபைன், ஃபைன்," என்றார் பிரின்சிபால் அம்மாள். "வாட் இஸ் யுவர் படிப்பு?"

"மீ எய்த் ஃபெயில்! யூ?"

"மீ பி.காம். தபால்ல."

'போச்சு, மாடி போச்சு' என்று கண்ணை மூடிக்கொண்ட வாத்தியாருக்கு அந்தப் பதில் காதிலேயே விழவில்லை.

"டொனேஷன் கிவ்?" என்றார் அம்மாள்.

"ஒய் டொனேஷன்?" பாய் மேஜையைத் தட்டினார். "யுவர் பைப் லீக்! யுவர் டோர் நோ தாழ்ப்பாள்! யூ கிவ் மீ டொனேஷன்!"

வாத்தியார் கண்ணைத் திறந்தபோது அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஓகே! நோ டொனேஷன்!"

"மை பிரதர் சன். ஆல்சோ ஒன் சீட்."

"டேக், டேக்! டூ சீட் டேக்!" என்று இரண்டு அட்மிஷன் தாளில் கையெழுத்துப் போட்டு, ஓங்கி சீல் குத்தி நீட்டினார். "யூ வெரி நேச்சுரல்!"

"யூ ஆல்சோ மேடம்! சேம் டு சேம் பிரின்சிபால்!"

அம்மாள் வெட்கத்தோடு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே வந்த பாய், "அந்தம்மா சூப்பர் சார். மொதல்ல கொஞ்சம் ஒதறிச்சு, அப்புறம் புடிச்சிகினுச்சு. அடுத்த வாரம் நெஜ ஆளு எப்படி கீதோ," என்றார்.

"நெஜ ஆளே இதுதான் பாய்! இதுதான் இன்டர்வியூ! சீட்டு கெடைச்சாச்சு!" என்று குதித்தார் ஸ்ரீநிவாசராகவன்.

பாய் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் வெளுத்தது. தாளைப் பார்த்தார், சீலைத் தடவினார். சித்திகா சிரிப்பை அடக்க மாட்டாமல் தலையாட்டினாள். ஒரே பாய்ச்சலில் எழுந்து வாத்தியாரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார் பாய்.

"மாடி ஒனக்குத்தான் வாத்தியாரே! ஆயுசுக்கும்! பெயின்ட் டப்பாவ என் வூட்டு ஹால்ல வெச்சிக்கிறேன்!"

சத்தம் கேட்டு அட்டெண்டர் ஜெயவேலு உள்ளேயிருந்து ஓடிவந்து, வாயில் விரலை வைத்தார்.

"மெதுவா சார், மெதுவா! எங்க மேடம் கரஸ்பாண்டென்டு சாரோட மச்சினி, நேத்துதான் வேலைக்கு சேர்ந்துச்சு, இங்கிலீசுன்னா பீரோ பின்னால பூந்துக்கும். இன்னிக்கு வர்றவங்க எல்லாம் நாடகக்காரங்க, சும்மா பேசிப் பழகுன்னு சார் சொல்லித்தான் சீட்டுல குந்த வெச்சிருக்காரு. நீங்க நெஜ அப்பா அம்மான்னு மட்டும் காதுல வுழுந்துச்சு, மிச்ச பேருக்கு வாயே தொறக்காது!"