பேப்பருக்குப் பின்னால்

தீர்மானித்துவிட்டேன். டிஜிட்டலை ஒழித்தே தீருவது. உலகத்தில் முடியாவிட்டால் என் வீட்டிலாவது.

எனக்கும் விஞ்ஞானத்துக்கும் பகை கிடையாது. பகை டேப்லெட்டோடுதான். முன்பெல்லாம் காலையில் நான் பேப்பரை விரித்தால் இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை மறைந்துபோவேன். மறைவில் ஆனந்தமாகத் தூங்குவேன். பேப்பர் படிக்கிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டமே போட்டிருந்தேன். எப்போதாவது மனைவி, "என்ன செய்தி?" என்பாள். "விலைவாசி ஏறிப்போச்சு" என்பேன், கண்ணைத் திறக்காமலே. ஒரு நாளும் தப்பாகப் போனதில்லை.

போன மாதம் அவள் பேப்பரை நிறுத்திவிட்டாள். "இனிமே எல்லாம் இதுலயே வரும்" என்று ஒரு டேப்லெட்டைக் கையில் திணித்தாள். அதை வைத்து மூக்கை மறைக்கலாம். மூடிய கண்களை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஏங்க, படிக்கிறீங்களா?"

"ஆமா, தீவிரமா."

"ஸ்கிரீன் அணைஞ்சு கிடக்கே?"

"தலைப்பைப் படிச்சேன். யோசிச்சிட்டு இருக்கேன்."

"யோசிச்சது போதும். வாஷிங் மெஷின் நின்னுடுச்சு. துணியைக் காயப் போடுங்க."

துணி காய்ந்தது. நான் வாடினேன். அடுத்த நாள் பாத்திரம். அதற்கடுத்த நாள் ஒட்டடை. இத்தனை வருஷத்தில் பேப்பர் ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. எப்பேர்ப்பட்ட நண்பன்!

ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"இங்க பாரு. ஸ்கிரீன்ல படிக்கிறது எதுவும் மண்டையில ஏறாது. பேப்பர்ல படிச்சாதான் அறிவு."

"நிஜமாவா?"

"சத்தியமா. வீட்ல ஒருத்தராவது பேப்பர் படிக்கணும்."

"ஒருத்தர் போதுமா?"

"தாராளமா."

"படிக்கிறப்ப தொந்தரவு பண்ணக் கூடாது, இல்ல?"

"இடி விழுந்தாலும் கூப்பிடக் கூடாது!"

"நீங்க சொன்னா சரிதாங்க. நாளைக்கே போடச் சொல்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் வாதம். அன்றைக்குப் பாத்திரத்தைக்கூட விசிலடித்துக்கொண்டே தேய்த்தேன்.

மறுநாள் காலை பேப்பர் விழுந்த சத்தம் கேட்டதும் பல்கூடத் தேய்க்காமல் ஓடினேன். வாசலில் ஒன்றுமில்லை. திரும்பினேன். கூடத்தில், என் நாற்காலியில், பேப்பர் அகலமாக விரிந்திருந்தது. அதற்குக் கீழே என் மனைவியின் கால்கள் தெரிந்தன.

"அது என் பேப்பர்!"

"ஒருத்தர் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றது பேப்பர். "டேப்லெட்டைப் பாருங்க."

பார்த்தேன். அவளிடமிருந்து மெசேஜ். 'முதல்ல பாத்திரம், அப்புறம் துணி. சத்தம் வரக் கூடாது, படிச்சிட்டு இருக்கேன்.'

சட்டம் நான் போட்டது. மீற வழியில்லை. பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன்.

"அப்படி என்னதான் செய்தி?" என்றேன், அழாத குறையாக.

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கொட்டாவி வந்தது. தொடர்ந்து பதிலும் வந்தது.

"விலைவாசி ஏறிப்போச்சு."