பன்னிரண்டு கொடியும் நாற்பது கையெழுத்தும்

"பிரச்சினையா? எங்களுக்கு என்ன பிரச்சினை? நீங்க வந்து கதவத் தட்டினதுதான் பிரச்சினை."

மூன்றாம் மாடித் தையற்காரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். பயிற்சி மாணவி தன் படிவத்தில் 'பதில் இல்லை' என்ற கட்டத்தில் பதினெட்டாவது டிக்கைப் போட்டாள்.

சமூகவியல், மூன்றாம் ஆண்டு. மக்களோடு சேர்ந்து வேலை செய்கிற அலுவலகம் ஒன்றில் ஒரு மாதப் பயிற்சி. அலுவலகத்தை நடத்தும் மேடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அந்தக் கட்டடத்துல நாப்பத்தெட்டு வீடு. ஒருத்தரோட ஒருத்தர் பேசமாட்டாங்க. அவங்க கூடிப் பேசி ஏதாவது ஒரு முடிவெடுக்கணும். நாப்பது வீட்டுக் கையெழுத்தோட வா. இல்லேன்னா சான்றிதழ் கிடையாது."

சான்றிதழ் இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் அண்ணன் வாயை யாராலும் மூட முடியாது. "வீடு வீடா போய் கதவத் தட்டறதுக்கு மூணு வருஷப் படிப்பா?" என்று அவன் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தான்.

இவ்வளவு அக்கறையுள்ள மேடம் அவள் வந்ததிலிருந்து ஒருநாள்கூட அந்தக் கட்டடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எப்போதும் மீட்டிங்காம், பாவம்.

வாசலில் காவலாளி மட்டும்தான் அவளிடம் சிரித்துப் பேசினார். "இந்த வருஷம் நீங்களாம்மா?" என்றார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு அவசரமாக ஒரு பிரச்சினை தேவைப்பட்டது.

மொட்டை மாடியில் கிடைத்தது. பன்னிரண்டு துணிக்கொடிகள், நாற்பத்தெட்டு வீட்டுத் துணி. முதலில் வந்தவர் காயப்போடுவார். பின்னால் வந்தவர் முனகிக்கொண்டே காத்திருப்பார். பல வருடங்களாக நிம்மதியாக முனகிக்கொண்டிருந்த மக்கள். அது பொறுக்குமா படித்த பெண்ணுக்கு? 'பொது வளப் பகிர்வில் ஏற்றத்தாழ்வு' என்று நோட்டில் எழுதினாள். மாலைக்குள் நான்கு வண்ணத்தில் ஒரு கால அட்டவணை படிக்கட்டுச் சுவரில் ஏறிவிட்டது.

மறுநாள் கதவுகள் தாமாகவே திறந்தன.

"ஏம்மா, எனக்கு ஏன் சாயங்காலம்? சூரியன் என்ன உங்க சொல்பேச்சு கேட்டு வருமா?" என்றார் தையற்காரம்மா.

"எனக்குப் புதன்கிழமை வேணாம்" என்றார் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா.

"புதன்கிழமைக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. எதிர்வீட்டு நர்ஸுக்கு ஞாயித்துக்கிழமை குடுத்திருக்கீங்கல்ல?"

சரி, குலுக்கல் வைத்தாள். குமாஸ்தாவுக்கு மறுபடியும் புதன்கிழமையே விழுந்தது. சதி என்றார். நர்ஸுக்கு மறுபடியும் ஞாயிறு விழவே, சதி நிரூபணமும் ஆயிற்று. இரண்டு பேரும் அடுத்தவர் காதில் விழும்படி சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள்.

இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 'பரஸ்பரப் புரிதல் பயிற்சி' என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, சொந்தச் சரக்கு. ஒரு வாரம், ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுத் துணியைக் காயப்போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சேர்ந்தவர்களுக்கு அதன் பிறகு கேட்ட நாள் கிடைக்கும் என்று ஆசை காட்டினாள். நாற்பத்தேழு வீடும் சேர்ந்தன. மிச்சம் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.

இரண்டே நாள். குமாஸ்தாவின் வெள்ளைச் சட்டை ரோஸ் நிறத்தில் திரும்பி வந்தது. நர்ஸின் யூனிஃபார்ம் பக்கத்து வீட்டு டிரைவரின் அலமாரியில் கிடைத்தது. டிரைவரின் மனைவி கேட்ட கேள்வி கட்டடம் முழுக்கக் கேட்டது. பதினோரு ஒற்றைக் காலுறைகளுக்கு உரிமை கொண்டாட ஆளே இல்லை.

அன்று மாலை மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. டிரைவர் நாற்காலி தூக்கி வந்தார். தையற்காரம்மா எல்லாருக்கும் டீ ஊற்றினார். நர்ஸ் சொல்லச் சொல்ல, குமாஸ்தா மணிமணியான எழுத்தில் எழுதினார். நடுவில் இருவரும் சிரித்துக்கொண்டார்கள் வேறு.

அவள் படிக்கட்டிலிருந்து தலையை நீட்டினாள். "நானும் வரலாமா சார்?"

"இது குடியிருக்கறவங்க கூட்டம்மா" என்றார் குமாஸ்தா, மிக மரியாதையாக.

மறுநாள் அந்தக் காகிதம் மேடத்தின் மேசையில் இருந்தது. 'இந்தப் பெண் இனி எங்கள் கட்டடத்தில் கால் வைக்கக் கூடாது என ஏகமனதாகத் தீர்மானிக்கிறோம்.' கீழே வரிசையாகக் கையெழுத்துகள்.

தொலைந்தது பட்டம் என்று நின்றாள். "மேடம், மன்னிச்சிடுங்க..."

மேடம் விரல் வைத்து எண்ணினார். "கூடிப் பேசினாங்களா?"

"பேசினாங்க மேடம்."

"முடிவெடுத்தாங்களா?"

"என்னை விரட்டணும்னு."

"நாப்பது கேட்டேன். நாப்பத்தேழு இருக்கு." 'மிகச் சிறப்பு' என்று எழுதி, முத்திரை குத்தி, சான்றிதழை நீட்டினார்.

மாடியில் மறந்துவிட்ட குடையை வாங்கப் போனபோது, காவலாளி அவளை வாசலிலேயே நிறுத்தினார். உத்தரவாம். குடையை அவரே எடுத்து வந்து கொடுத்தார். கையில் சான்றிதழ் இருந்தும் அவளுக்கு அழுகை முட்டியது.

"என்னை மாதிரி வேற யாரையாவது இப்படி அவமானப்படுத்தி விரட்டியிருக்காங்களாண்ணா?"

"வருஷா வருஷம் நடக்கறதுதாம்மா, இவங்க முதமுதல்ல ஒண்ணா சேர்ந்ததே உங்க மேடத்தை விரட்டத்தான்!"